கண்ணாடிக்கு வைத்த பொட்டு

எங்கள் தாமான் குடியிருப்பில், கண்ணில் மாட்டும் பாதுகாப்புக் கண்ணாடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்ட முதல் ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. அதற்கு முன் அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக்கும் அப்படி ஒரு கண்ணாடி வந்ததில்லை என்பதால் இந்தப் பெருமையை யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது. இன்றைக்கு யாராவது பறிக்க வந்தால் கும்பிட்டுக் கொடுத்துவிடுவேன்.

கண்ணாடி வரக் காரணம் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. தஞ்சோங் மாலிம் பக்கத்தில் கார் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு குளிரூட்டிய அறையில் உட்கார வைத்துப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தார்களாம். விரல் போன கை, நசுங்கிய கால், வெந்துபோன முகம் என்று படம் படமாகக் காட்டினார்களாம். அந்த அறைக்குள் போன மாமா ஒருவர், வெளியே வந்த மாமா வேறொருவர். அதுவரை மோட்டார் சைக்கிளில் தலைக்கவசத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு வந்தவர், இப்போது அம்மா மீன் பொரித்தால்கூட, "அக்கா, தள்ளி நில்லு, எண்ணெ தெறிக்கும்," என்று எங்களையெல்லாம் சமையலறையிலிருந்து வெளியேற்றினார்.

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் வீட்டு முன்னால் கார் பழுது பார்ப்பார். எங்கள் பழைய கார் வாரம் தவறாமல் ஏதாவது ஒரு சத்தம் போடும். அதற்கு ஓய்வு என்றால் பக்கத்து வீட்டுக்காரரின் கார் சத்தம் போடும். லகாட் ஊருக்குப் போகும் வழியில் இருந்த எங்கள் தாமானில் பாதிக் குடும்பங்கள் ஒரே பால்மரத் தோட்டத்திலிருந்து வந்தவை. பட்டறைக்குப் போவதை ஒரு தோல்வி போல நினைப்பவர்கள். அப்பாவுடைய வேலை உடுப்பு ஒரு கைலி, ஓட்டை விழுந்த பனியன், ஒரு பக்கம் தேய்ந்த சிலிப்பர். கை விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தால் இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரியும். அவற்றைத் தாண்டித்தான் நாங்கள் வீட்டுக்குள் போவோம், வருவோம்.

மாமா ஒரு நாள் பத்து நிமிடம் நின்று இதைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மச்சான், எங்க பேக்டரில இப்படி படுத்தீங்கன்னா அன்னைக்கே வெளிய அனுப்பிடுவாங்க."

"அதான் மாப்ள, நான் அங்க வேலைக்கு வரலலா," என்று அடியிலிருந்து பதில் வந்தது.

மாமா விடுகிற ஆள் இல்லை. அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் அப்பாவையும் அம்மாவையும் என்னையும் ஈப்போவுக்கு அழைத்துப் போனார். வன்பொருள் கடையின் சீன முதலாளி, தவுக்கே, தாமே எழுந்து வரும் அளவுக்கு மாமாவின் கேள்விகள் பலமாக இருந்தன. முதலில் காலணி. நுனியில் இரும்பு வைத்தது. அப்பா கைலியோடு வந்திருந்ததால் அதைப் போட்டுக்கொண்டு கடைக்குள் நடந்தபோது தவுக்கே மறுபக்கம் திரும்பிக்கொண்டார். இரும்பு உண்மையிலேயே இரும்புதானா என்று பார்க்க, அப்பா சுத்தியலை எடுத்துத் தன் கால்மேலேயே போட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அப்பாவுக்கு அந்தக் காலணிமேல் மரியாதை வந்துவிட்டது.

அடுத்தது கையுறை. துணிக் கையுறை வேண்டாம், சுழல்கிற பாகத்தில் சிக்கினால் விரலோடு இழுத்துவிடும் என்று மாமா சொன்னார். தோல் கையுறையைப் போட்டுப் பார்த்த அப்பா, போல்ட் பிடிக்கிறதா நழுவுகிறதா என்று விரலுக்குத் தெரியாமல் போகிறதே என்று வருத்தப்பட்டார். கடைசியில் கையோடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ரப்பர்க் கையுறையில் இரண்டு பேரும் சமாதானமானார்கள். வெள்ளை அழுக்காகும் என்று அம்மா கறுப்பை எடுத்துக் கொடுத்தார். அம்மா அந்தக் கடையில் சொன்ன ஒரே யோசனை அதுதான்.

கண்ணாடிதான் பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. மூன்று வகை இருந்தன. மூக்குக்கண்ணாடி போலப் பக்கம் திறந்தது ஒன்று. வெயிலுக்குப் போடுவது போலக் கறுப்பு ஒன்று. கண் இரண்டையும் மூடி, சுற்றிலும் ரப்பர் வைத்து, தலைக்குப் பின்னால் பட்டி போட்டு இறுக்கும் பெரியது ஒன்று. அப்பாவுக்குக் கறுப்பின்மேல் ஒரு கண். அதைப் போட்டுக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டார். காருக்கு அடியில் ஏற்கெனவே இருட்டு, அதில் கறுப்புக் கண்ணாடி எதற்கு என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். நான் பெரியதை எடுத்து அப்பாவிடம் நீட்டினேன். எனக்கு அதன் மஞ்சள் பட்டி பிடித்திருந்தது, அவ்வளவுதான். மாமாவோ நான் ஆழமாக யோசித்து எடுத்ததாக நினைத்துவிட்டார்.

"பாத்தீங்களா மச்சான், பிள்ளைக்குத் தெரியுது. பக்கத்துல இருந்து தெறிச்சாலும் இதுல நுழையாது. இனிமே இவதான் சேப்டி ஆபிசர். அப்பா கண்ணாடி போடாம சுத்தியல தொட்டா எனக்குப் போன் பண்ணு."

பத்து வயதில் கிடைத்த பதவியை நான் எப்படி வைத்துக்கொண்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பா ஸ்பானரை எடுப்பதற்குள், "அப்பா, கண்ணாடி!" என்று கத்துவேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போதும் கத்துவேன். வானொலிக்குப் பேட்டரி மாற்றியபோது கத்தியதற்கு அம்மா முறைத்தார். அப்பா ஒருநாளும் முறைக்கவில்லை. "சரிங்க ஆபிசர்," என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்வார்.

மூன்று வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி, முன்னால் வாழையிலை விரித்து, அப்பாவின் சாமான்களையெல்லாம் துடைத்து அடுக்குவோம். ஸ்பானர், சுத்தியல், உளி, ஜேக், அந்த வருடம் புதிதாகக் காலணி, கையுறை, கண்ணாடி. அன்றைக்கு எதையும் வேலைக்குத் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று எடுத்து நல்ல வேலையாக ஒன்றைத் தொடங்க வேண்டும், தொட்டது துலங்கும். அம்மா இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். சாமிக்கு வைத்த பொட்டை நாமாகத் துடைக்கக் கூடாது. வேலை செய்யச் செய்யத் தானாக உதிர வேண்டும். பூஜை முடிந்த ஒரு வாரத்துக்கு அப்பாவின் உள்ளங்கை சிவப்பாகவே இருக்கும். லோரி ஸ்டீயரிங்கிலும் குங்குமம் ஏறியிருக்கும்.

பொட்டு வைப்பது என் வேலை. மற்றச் சாமான்களுக்கெல்லாம் ஆளுக்கொரு புள்ளி வைத்தேன். கண்ணாடிக்கு வரும்போது மனம் கேட்கவில்லை. அது நான் தேர்ந்தெடுத்தது. என் பதவிக்கே அடையாளம். அதற்கு இரண்டு கண் இருந்தது, எனவே இரண்டு கண்ணிலும் சந்தனத்தைக் குழைத்து மூன்று விரலால் பட்டை போட்டேன். நடுவில் கட்டைவிரல் அளவுக்குக் குங்குமம் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் சாமி முகம் போல இருந்தது. அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். மாமா அன்றைக்கு வரவில்லை, அவருக்கு வேலை இருந்தது. வந்து பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை பசியாறியதும் அப்பா நல்ல வேலையைத் தொடங்கினார். காரின் இடது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சின்னப் பலகை ஒன்றில் உட்கார்ந்துகொண்டார். சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் ஒரு போல்ட் துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. இரண்டு மாதமாக அது அப்பாவைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. நான் வாசல்படியில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தேன். அவர் உளியை எடுத்தார்.

"அப்பா, கண்ணாடி!"

"சரிங்க ஆபிசர்."

போட்டுக்கொண்டார். சந்தனப் பட்டை போட்ட இரண்டு கண்ணோடு என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் சிரித்தேன். நாலைந்து அடி அடித்தார். ஒரு அடி தவறி உளியை விட்டு இரும்பில் விழுந்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். லோரிக்கார மாமாக்கள் கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருப்பதைப் பார்த்துப் பழகியிருந்த எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. கண்ணாடி தலையில்தானே இருக்கிறது. என் கணக்கில் அப்பா பாஸ்.

அடுத்த அடியின் சத்தம் மட்டும் கொஞ்சம் மெல்லிசாக இருந்தது. பல வருடம் அடி வாங்கி அந்த உளியின் தலை விரிந்து, ஓரமெல்லாம் சிம்பு சிம்பாக நின்றது. அதிலிருந்து எள்ளளவு இரும்பு. அவ்வளவுதான். சுத்தியல் கீழே விழுந்தது. அப்பா கத்தவில்லை. வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "ஒன்னும் இல்ல, ஒன்னும் இல்ல," என்று மெதுவாகச் சொன்னார். யாரும் இன்னும் எதுவும் கேட்கவில்லை. விரலிடுக்கில் முதலில் தண்ணீர் வந்தது, பிறகு நூல் போல ரத்தம் வந்தது. என் வாயில் இருந்த கடலையை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா ஓடி வந்தார். பக்கத்து வீட்டு அக்கா தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டால் சரியாகும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்பாவின் விரலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். எங்கள் கார் ஒரு சக்கரம் இல்லாமல் நின்றது. அந்த அக்காவின் வீட்டுக்காரர்தான் தம் காரில் பக்கத்து ஊரான பத்து காஜாவின் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் அப்பா அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தார். கண்ணாடி இன்னும் அவர் நெற்றியில்தான் இருந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பாதி வழியில் அப்பா பேசினார்.

"கண்ணாடியக் கழட்டி உன் பையில வை."

"இப்ப அதுவாங்க முக்கியம்?" அம்மாவின் குரல் உடைந்திருந்தது.

"வைலா. மாப்ள வந்தா நான் போடலன்னு சொல்லிக்கிறேன்."

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னும் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். கண்ணில் ரத்தம் வழிகிற நேரத்தில் ஒரு மனிதர் புதுச் சாமான் தொலைந்துவிடுமோ என்று கவலைப்படுகிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தப் பொய் எதற்கு என்றும் விளங்கவில்லை.

பத்து காஜாவில் பார்த்துவிட்டு உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அறுவை செய்ய வேண்டும், கண்ணை எடுக்காமல் காப்பாற்றப் பார்க்கிறோம், பார்வையைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். லோரி ஓட்ட முடியுமா என்று அம்மா கேட்டார். முதலில் இதைப் பார்ப்போம் என்றார் டாக்டர். ஒற்றைக் கண்ணோடு லோரி ஓட்ட விடமாட்டார்கள் என்பது எனக்கே தெரியும். அந்த லோரிதான் எங்கள் வீட்டு அடுப்பு.

மத்தியானம் மாமா வந்தார். தொழிற்சாலை உடுப்போடு, இரும்புக் காலணியோடு, அப்படியே கிளம்பி வந்திருந்தார். தள்ளுக்கட்டிலில் கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்த அப்பாவைப் பார்த்ததும் சுவரில் கை வைத்துக்கொண்டார். அழுகையும் கோபமும் அவருக்கு ஒன்றாக வந்தன.

"எத்தன தடவ சொன்னேன் மச்சான்? எத்தன தடவ?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா பண்ணிட்டு இருந்த? அப்பா கண்ணாடி போட்டாரா இல்லையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "போடல மாப்ள. சாமி மேடையிலயே இருக்கு. எழுந்து போய் எடுக்க சோம்பல்."

காரில் கேட்டபோது ஏதோ வலியில் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது முகத்துக்கு நேரே சொல்கிறார். நான் அதிர்ந்து போனேன். அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பள்ளிக்கூடத்தில் பென்சில் தொலைந்ததற்கு நான் சொன்ன ஒரு சின்னப் பொய்க்காக இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தவர். அதைவிட, இந்தப் பொய்யில் என் மானம் போகிறது. கண்ணாடி போடாமல் அப்பா சுத்தியலைத் தொட்டால் நான் எதற்கு ஆபிசர்?

"பொய் மாமா! அப்பா போட்டாங்க. நான்தான் போடச் சொன்னேன். அப்புறம்..."

அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது.

அந்த நடைவழியில் உட்கார்ந்திருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா அதுவரை என்னை அடித்ததில்லை. அதற்குப் பிறகும் அடித்ததில்லை. அடித்த கையை அப்படியே பிடித்துக்கொண்டு அவரே திகைத்து நின்றார். எனக்கு வலிக்கக்கூட இல்லை, காது மட்டும் கொய்யென்றது. எல்லாவற்றிலும் கொடுமை, மாமா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சொன்னதுதான்: "விடுக்கா, அடிக்காத. அப்பாவத் திட்டுவாங்கன்னு பயந்து பிள்ள பொய் சொல்லுது." அந்த இடத்தில் உண்மை பேசியவள் நான் ஒருத்தி. பொய்க்காரியும் நான்தான் ஆனேன்.

அப்பாவை உள்ளே கொண்டு போனார்கள். சாயங்காலம் துணிமணி எடுக்க மாமா எங்களை வீட்டுக்குக் கொண்டு வந்தார். அவர் குளிக்கப் போன நேரத்தில் அம்மா சமையலறைத் தொட்டியில் நின்றுகொண்டிருந்தார். குழாய் திறந்திருந்தது. கைப்பையிலிருந்து எடுத்த கண்ணாடியைத் தட்டு கழுவும் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். காய்ந்த சந்தனம் ரப்பர் ஓரத்தில் ஒட்டியிருந்தது. தலையிலிருந்து ஊக்கை உருவி அதைச் சுரண்டினார். மஞ்சளும் சிவப்புமாகத் தண்ணீர் ஓடியது.

பொட்டைத் துடைக்கக் கூடாது என்று சட்டம் போட்டதே அம்மாதான். விஜயதசமி நாள் இன்னும் முடியவில்லை. காலையில் பார்த்த ரத்தத்துக்கு அடுத்தபடி அன்றைக்கு என்னை உலுக்கியது அந்தக் காட்சிதான்.

"அம்மா, அது சாமிப் பொட்டு. அழிக்கக் கூடாதுன்னு நீங்கதானே..."

அம்மா திரும்பவில்லை. "இதப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாது. மாமாகிட்டயும் பேசக் கூடாது. போய்த் துணி மாத்து."

கழுவிய கண்ணாடியைத் தம் சேலைத் தலைப்பால் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், மறுபடி துடைத்தார். வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறையைத் தேடி எடுத்து அதற்குள் போட்டுச் சாமி மேடையில் வைத்தார். குளித்துவிட்டு விபூதி எடுக்க வந்த மாமா அதைப் பார்த்தார். கையில் எடுத்தார். "புதுசு மாதிரியே இருக்கு. தொடவே இல்ல," என்று சொல்லிவிட்டுச் சாமி மேடைக்கு முன்னாலேயே உட்கார்ந்து அழுதார். நான் கதவுக்குப் பின்னால் நின்று இந்த நாடகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. அப்பாவும் அம்மாவும் மாமாவுக்குப் பயப்படுகிறார்கள். வாங்கிக் கொடுத்த சாமானில் ஏதோ குறை என்று சொன்னால் அவர் மனம் நோகும், இனி தீபாவளிக்கு உடுப்பு வராது. அதற்காகப் பெற்ற பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்கள்.

கண் தங்கியது, பார்வை தங்கவில்லை. வலது பக்கம் அப்பாவுக்கு வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரிந்தது. லோரி போனது. செம்பனை ஆலையின் வாசலில் ஜாகா வேலை, அதாவது காவல் வேலை, கொடுத்தார்கள். தான் ஓட்டிய லோரி உள்ளே வரும்போது தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு பதினைந்து வருடம் அங்கே உட்கார்ந்திருந்தார்.

மாமா அந்தக் கதையை விடவில்லை. தொழிற்சாலையில் புதிதாக வருபவர்களுக்கெல்லாம், "எங்க மச்சான் ஒருத்தர், கண்ணாடி பத்தடி தூரத்துல இருக்கு, சோம்பேறித்தனம்," என்று சொல்வாராம். தீபாவளிக்கு வீடு நிறைய ஆள் இருக்கும்போது அப்பாவின் முன்னாலேயே சொல்வார். அப்பா சிரித்துக்கொண்டே, "ஆமாலா, என்னப் பாத்துத் திருந்துங்க," என்று எடுத்துக் கொடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதினைந்து வயதில், தேர்வு முடிவைப் பற்றி ஏதோ மறைத்ததற்கு அப்பா கண்டித்தபோது, நான் சொல்லியேவிட்டேன்.

"ஆஸ்பத்திரில மாமாகிட்ட பொய் சொன்ன ஆளு நீங்க. எனக்குப் புத்தி சொல்லாதீங்க."

 அப்பா ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு நெடுநாள் இருந்தது.

இதைப் படிக்கிற உங்களுக்கு எப்போதோ விளங்கியிருக்கும். எனக்கு விளங்கப் பதினெட்டு வருடம் ஆனது. போன மாதம்தான் விளங்கியது.

இப்போது ஈப்போவில் வேலை செய்கிறேன். பழைய கார் ஒன்று வைத்திருக்கிறேன். பட்டறைக்குப் போவதைத் தோல்வியாக நினைக்கும் புத்தி ரத்தத்தில் வந்துவிட்டது போலும், சனிக்கிழமையானால் வீட்டுக்கு ஓட்டி வந்து நானே எதையாவது கழற்றுவேன். அன்றைக்குப் பிரேக் கட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தேன். கையுறை, காலணி, கண்ணாடி எல்லாம் நானே கடை ஏறித் தேர்ந்தெடுத்தவை. கண்ணாடி அதே பெரிய வகை. அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கட்டைகளைப் பிடித்திருந்த ஒரு ஆணி துருப்பிடித்து வர மறுத்தது. சுத்தியலை எடுத்தேன். வேர்வை அரித்ததில் புறங்கையால் நெற்றியைத் துடைக்கப் போய், கையுறையில் இருந்த மஞ்சள் கிரீஸ் கண்ணாடியில் பட்டை பட்டையாக அப்பிக்கொண்டது.

ஒன்றும் தெரியவில்லை. எதிரே வெறும் மஞ்சள் மூட்டம். ஒரு அடி அடித்தேன், தவறி வேறெங்கோ விழுந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். என் கை தானாக எழுந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியது. குனிந்து சுத்தியலை ஓங்கினேன்.

"இறக்கு!"

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கோப்பை கீழே உருண்டிருந்தது. அவர் அப்படிக் கத்தி என் ஆயுசில் நான் கேட்டதில்லை. கண்ணில் இரும்பு பாய்ந்த அன்றுகூட அவர் கத்தவில்லை. சுத்தியல் என் கையிலேயே நின்றது. பிறகு அவர் மெதுவாக, "துடைச்சிட்டுப் போடும்மா," என்றார்.

துடைக்கலாம் என்று கண்ணாடியைக் கழற்றினேன். இரண்டு கண்ணிலும் மஞ்சள் பட்டை.  அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று விரலால் நான் போட்ட சந்தனம். மகள் வைத்த சாமிப் பொட்டு, துடைக்கக் கூடாது. மகள் போடச் சொன்னாள், போடாமல் இருக்கவும் கூடாது. போட்டால் தெரியவில்லை. ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"அப்பா, அன்னைக்கு..." என்றேன். 

அப்பா குனிந்து உடையாத கோப்பையை எடுத்துக்கொண்டார். "ஜேக் சரியா நிக்குதான்னு பாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஏன் ஏற்றினார் என்று அன்றைக்கு மாமா கேட்டிருப்பார். நான் "அப்புறம்" என்று தொடங்கியதை முடித்திருந்தால் அடுத்த கேள்வி அதுதான். பொட்டு மறைத்தது என்ற பதிலும் அந்த நடைவழியிலேயே எல்லார் முன்னாலும் வந்திருக்கும். பத்து வயதில் அதைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போயிருப்பேன்? அம்மாவின் கை அதற்குத்தான் முந்தியது. தம் சட்டத்தைத் தாமே மீறிச் சாமிப் பொட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியதும் அதற்குத்தான். சோம்பேறி என்ற பெயரைச் சிரித்துக்கொண்டே பதினெட்டு தீபாவளிக்கு அப்பா ஏற்றுக்கொண்டதும் அதற்குத்தான். என் வாயால் ஒரு முறை பொய்க்காரர் என்று கேட்டுக்கொண்டதும் சேர்த்து.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பா பொய் சொன்னார், அம்மா அடித்தார், மாமா அழுதார் என்பது மட்டும்தான். பத்து காஜா போகும் அந்தப் பாதையில், அப்பா ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டிருக்க, அவர்கள் இரண்டு பேரும் என்னைத்தான் காப்பாற்றிக் கொண்டு போனார்கள் என்று தெரியவில்லை.